மறதி மாநாட்டில் மிஸ்டர் செங்கோடன்

செல்வி, பிரபு, இதை இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். அடித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

அப்பா வெளிநாட்டில் ஏரோபிளேன் ஓட்டினார் என்று பிரபு ஸ்கூலில் சொல்லி வைத்திருக்கிறானாம். உங்கள் கணக்கு சார் பட்டறைப் பக்கம் வந்தபோது, "ஏனுங்க சின்னராசு, லேத் ஓட்டற ஆளுக்கு ஏரோபிளேனை எப்படீங்க நம்பிக் குடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டு, டீ வருகிறவரைக்கும் சிரித்தார். ஓட்டவில்லை, கண்ணு. உட்கார்ந்து போனேன். இறங்குகிற நேரத்தில் பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் தவித்தேன். பக்கத்து சீட்டு வெள்ளைக்கார அம்மாள் ஒரே அமுக்கில் கழற்றிவிட்டார். எட்டாவது படித்தவன், இத்தனை வருடமாக இரும்பைக் கடைகிறவன், ஒரு கொக்கியிடம் தோற்றுப்போனேன்.

செல்வி சொன்னதாக வந்த கதை இன்னும் பெரியது. அப்பா ஹாலந்துக்குப் போய் அத்தைக்கு மருந்து வாங்கி வந்துவிட்டார், இனிமேல் அத்தைக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும் என்றாயாம். அதைக் கேட்ட பிறகுதான், நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது என்று உட்கார்ந்தேன்.

முதலில் அத்தை. என் அக்கா வேலாத்தா. எங்கள் அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். எங்கள் அப்பா செங்கோடன் பிறந்ததிலிருந்து சாகிறவரைக்கும் ஒரே காட்டுக்காரரிடம், அதாவது நிலக்காரரிடம், பண்ணையத்தில் இருந்தவர். அக்காவும் சின்னப் பிள்ளையிலேயே அங்கே சாணி அள்ளப் போனது. காட்டுக்காரர் வந்தால் எழுந்து, சுவரோரம் ஒதுங்கி, தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும். உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது, ஏச்சு மட்டும் கிடைக்கும்.

வளர்ந்ததும் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு மதுக்கரைக்குப் போய், சிமென்ட் பாக்டரி ஆட்களுக்கு மெஸ் வைத்தது. சாப்பிட வந்த ஒரு ஆள் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கு என்ன குழம்பு என்று பலகையில் சாக்பீஸால் எழுத அக்கா படித்தது அப்படித்தான். அந்தப் படிப்பு மட்டும் இன்னும் போகவில்லை. பஸ்ஸில் ஏறினால் காந்திபுரத்திலிருந்து கணபதி வரைக்கும் ஒரு போர்டு விடாமல் சத்தமாகப் படிக்குமே, "நவீன சலூன், பழைய பேப்பர் எடுக்கப்படும், இங்கே அசுத்தம் செய்யாதீர்" என்று, நீங்கள் வெட்கப்பட்டு வேறு சீட்டுக்கு ஓடுவீர்களே, அந்தப் படிப்புதான்.

நோய் வந்தது உங்களுக்கே தெரியும். ரசத்தில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. பிறகு அக்கா தானாகவே பஸ் போர்டைப் படித்து ஏறி மதுக்கரைக்குப் போய்விட்டது. மெஸ் இருந்த இடத்தில் இப்போது டயர் கடை. அங்கே பங்க்சர் ஒட்ட வந்த லாரிக்காரர்களையெல்லாம், "வாங்க, கை களுவுங்க, எலை போட்டாச்சு" என்று கூப்பிட்டிருக்கிறது. ஒருவர் கழுவியும்விட்டாராம்.

இதுவரைக்கும் நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு வந்ததில்தான் சிரிப்பு நின்றது. ஒருநாள் பட்டறையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன், அக்கா சேரை விட்டு எழுந்து சுவரோரம் ஒதுங்கியது. "வாங்க சாமி" என்றது. பேண்ட் போட்டிருக்கிறேன், வாட்ச் கட்டியிருக்கிறேன். யாரோ காட்டுக்காரர் வந்துவிட்டார் என்று நினைப்பு. "நான் யாருன்னு சொல்லு பாக்கலாம் அக்கா" என்றால், "சாமியைத் தெரியாதுங்களா?" என்று சிரித்து மழுப்பியது. நான் வீட்டில் இருக்கிறவரைக்கும் உட்காரவே இல்லை. நாளாக ஆகக் கால் வீங்கிப்போனது. அக்கா உட்காரட்டும் என்று நான் வாசல்படியில் தட்டை வைத்துச் சாப்பிட ஆரம்பித்தேன்.

பார்க்க வருகிற சொந்தக்காரர்களைப் பற்றி என்ன சொல்ல? எல்லோரும் பரீட்சை அதிகாரிகள். ஆப்பிள் பையைக் கீழே வைக்கும் முன்னே, "ஏனுங்க, நான் யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்?" அக்கா எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்லும். "நம்ம ஆளுங்கதானுங்க. சாப்பிட்டுத்தான் போகோணும்." பாதிப் பேர், பெயில் என்று நம்மைப் பார்த்துக் கண்ணடிப்பார்கள். மீதிப் பேர், "இத்தனை மருவாதியாப் பேசறாங்க, இவங்களுக்கா நோவு? உங்க சம்சாரந்தான் எதையோ கெளப்பி உடுது" என்று உங்கள் அம்மா காதில் விழும்படி சொல்லிவிட்டு, அவள் போட்ட காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

அப்போதுதான் காங்கேயத்திலிருந்து உங்கள் ரங்கசாமி மாமா வந்தார். அவர் எண்ணெய் மில்லில் சூப்பர்வைசர் அல்லவா, எதையும் உடனே பிழிந்து முடிக்க வேண்டும். "மாப்பிள்ளை, எங்க ஊருப் பக்கம் ஒரு ஹோம் இருக்குது. கொண்டு உட்டுப்போடலாம். என்ற தங்கச்சி இடுப்பு ஒடியறதை நான் பாத்துட்டு இருக்க முடியாது" என்றார். உங்கள் அம்மா சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். அக்காவைத் தூக்கிக் குளிக்க வைத்து அவளுக்கு இடுப்பு வலி வந்திருந்தது உண்மை. அதனால், "யோசிக்கலாமுங்க மச்சான்" என்றேன்.

அந்த வாரம்தான் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். அக்காவைப் பார்க்கிற நரம்பு டாக்டர். மில் வைத்திருக்கிற பெரிய குடும்பத்துப் பெண்; ஆனால் என்னைப் போன்றவனையும் "சொல்லுங்க, உக்காருங்க" என்றுதான் பேசுவார். ஹாலந்தில் மறதி நோயைப் பற்றி உலகத்து டாக்டர்களெல்லாம் கூடிப் பேசப்போகிறார்கள், ஏழை நாட்டிலிருந்து நோயாளியின் வீட்டு ஆள் ஒருவரையும் செலவு கொடுத்துக் கூப்பிடுகிறார்கள், வருகிறீர்களா என்றார். எனக்கு முன்னால் மூன்று பேரைக் கேட்டாராம். ஒருவர் வீட்டில் மகள் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது, வெளியே தெரிந்தால் சம்பந்தம் போய்விடும். ஒருவர், எங்கள் அப்பாவுக்கு நோயே இல்லை, வெறும் வயசு என்றார். இன்னொருவர் சிகிச்சையையே நிறுத்திவிட்டார். மிச்சமிருந்தது வெட்கம் குறைந்த நான்.

"போயிட்டு வாங்க மாப்பிள்ளை" என்றார் ரங்கசாமி மாமா. "மருந்து இருந்தாக் கொண்டாங்க, அவங்க இங்கயே இருக்கட்டும். இல்லீன்னா நீங்க வந்த ஞாயித்துக்கெளமை நான் வேன் எடுத்துட்டு வாரேன்."

இப்படித்தான் நான் ஆம்ஸ்டர்டாம் போனேன். சுற்றிப்பார்க்கவா? மருந்து இருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்க.

முதல் நாள். மழை. நம் ஊர் மழை மேலிருந்து விழும். அங்கே பக்கத்திலிருந்து வருகிறது. குடையை முகத்துக்கு நேரே பிடித்தால் எதிரே சைக்கிள் வருவது தெரியாது. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நமக்காக மணி அடிப்பதில்லை, நம்மைத் திட்டுவதற்காக அடிக்கிறார்கள். கோட்டு சூட்டு போட்ட ஆபீசர்களும் சைக்கிள்தான். நம் ஊரில் ஒரு மொபெட் வாங்கியவுடன் சைக்கிளைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறோமே, அதை நினைத்தேன்.

தங்கிய இடத்தில் மாடிப்படி கிணற்றில் இறங்குகிற ஏணி மாதிரி செங்குத்து. காலைப் பலகாரம் என்ன தெரியுமா? ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன்மேல் சாக்லேட் பொடியைத் தூவிச் சாப்பிடுகிறார்கள். குழந்தைகள் அல்ல, நரைத்த தலை டாக்டர்கள். செல்வி, நீ காலையில் மிட்டாய் கேட்டால் உன் அம்மா முறைப்பாளே, இனிமேல் ஹாலந்தைச் சொல்லு.

மாநாட்டு மண்டபத்து வாசலில் ஒரு பெண் என் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டாள். பிளாஸ்டிக் உறை, நீல நாடா. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நம் பக்கம் கழுத்தில் கட்டினால் அது சந்தைக்குப் போகிற மாட்டுக்குத்தான். ஆனால் பார்த்தால் உள்ளே இருந்த அத்தனை பேர் கழுத்திலும் அட்டை. எதிரே வருகிறவர் முதலில் உங்கள் மார்பைப் படிக்கிறார். அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்து, பத்து வருடம் பழகியவர் மாதிரி பெயரைச் சொல்லிக் கை குலுக்குகிறார். மறதியைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்தவர்கள் கூடின இடம். ஒருவர் பெயர் ஒருவருக்கு ஞாபகம் இல்லை. அதற்காக யாரையும் ஹோமில் கொண்டுபோய் விடவில்லை.

என் அட்டையில் ஒரு கூத்து நடந்துவிட்டது. குடும்பப் பெயர் என்ன என்று முன்பே கேட்டிருந்தார்கள். நம்மிடம் எங்கே இருக்கிறது குடும்பப் பெயர்? அப்பா பெயரைக் கொடுத்தேன். அங்கே குடும்பப் பெயரைத்தான் சொல்லிக் கூப்பிடுவார்களாம். ஆகவே மாநாடு முடிகிறவரைக்கும் நான் மிஸ்டர் செங்கோடன். "குட் மார்னிங் மிஸ்டர் செங்கோடன்." "காப்பி சாப்பிடுங்கள் மிஸ்டர் செங்கோடன்." உயிரோடு இருந்தவரைக்கும் "டேய்" என்பதைத் தவிர வேறு பெயரில் யாரும் கூப்பிடாத மனுசன், திருப்பூரைத் தாண்டாத மனுசன், செத்த பிறகு ஆம்ஸ்டர்டாமில் மிஸ்டராகச் சுற்றினார். முதல் தடவை கூப்பிட்டபோது எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. இரண்டாம் நாளிலிருந்து, யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காப்பி மேசைப் பக்கமே நின்றேன்.

இரண்டாம் நாள் பெரிய திரையில் உலகப் படம் போட்டார்கள். டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத் தமிழில் சொன்னார். எந்த நாட்டில் மறதி நோயாளிகள் அதிகமோ அங்கே கருஞ்சிவப்பு. பணக்கார நாடுகளெல்லாம் சிவந்து கிடந்தன. நம் நாடு வெள்ளை.

"நம்ம ஊர்ல அந்த நோவே இல்லைன்னு போட்டிருக்காங்களுங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க சின்னராசு. யாரும் எண்ணிப் பாக்கலைன்னு அர்த்தம்."

எண்ணாவிட்டால் இல்லை. ஆப்பிள் பையோடு வந்த சொந்தக்காரர்களுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்தப் படத்தைப் போட்டவர் நியாயமானவர். இனிமேல் இந்த நோய் ஏழை நாடுகளில்தான் பெருகப்போகிறது, அங்கே ஆஸ்பத்திரி கட்டிக் காத்திருந்தால் ஆகாது, வீடு வீடாகப் போகிற நர்ஸுக்குச் சொல்லிக்கொடுங்கள், இது வயசும் இல்லை பாவமும் இல்லை நோய் என்று ஊருக்குச் சொல்லுங்கள் என்றார். பள்ளிக்கூடம் போகாதவரிடம் தேதியும் கணக்கும் கேட்டு நோயை அளப்பது தப்பு என்றார். நானே கை தட்டினேன். டாக்டரம்மா அக்காவிடம், "இன்னிக்கு என்ன கெளமைங்க?" என்று கேட்டபோது, "நீங்க சொல்ற கெளமைதானுங்க" என்று சொல்லி அக்கா சைபர் வாங்கியது ஞாபகம் வந்தது. மெஸ் நடத்தியபோது மட்டும் அக்காவுக்குக் கிழமை தெரியுமா என்ன? சம்பள நாள் தெரியும், அது போதும்.

அடுத்துப் பேசினவர் டெல்லியிலிருந்து வந்த ஒரு பெரிய மனுசர். தங்கக் கண்ணாடி. "எங்கள் தேசத்தில் ஹோம் தேவையில்லை. கூட்டுக் குடும்பம் எங்கள் பண்பாடு. குடும்பமே பார்த்துக்கொள்ளும்" என்றார். வெள்ளைக்காரர்கள் பொறாமையோடு தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் தெருவில் ஒருவர் அப்பாவைக் கட்டில் காலில் கட்டிப்போட்டுவிட்டு வேலைக்குப் போகிறாரே, அது எந்தப் பண்பாட்டில் சேரும்? குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்றால் யார் பார்ப்பது? மாமாவா, நானா? பீத்துணி அலசுகிறது உங்கள் அம்மா சரோஜா. அவர் குடும்பம் என்று சொல்லும்போதெல்லாம் நான் மனதுக்குள் சரோஜா என்று மாற்றிப் போட்டுக்கொண்டேன். பேச்சு சரியாக விளங்கியது.

மத்தியானம் மண்டபத்திலேயே போட்டிருந்த மருந்துக் கம்பெனிக் கடைகளைப் பார்க்கப் போனேன். என் கேள்விக்குப் பதில் அங்கேதானே இருக்கிறது. டாக்டரம்மாவை இழுத்துக்கொண்டு போய்க் கேட்க வைத்தேன். மாத்திரை இருக்கிறதாம். ஆரம்பத்தில் இருக்கிற சிலருக்குக் கொஞ்ச காலம் மறதி மெதுவாக நகருமாம். போனது திரும்புமா? திரும்பாது. அக்கா மாதிரி முற்றியவர்களுக்கு? கடைக்காரப் பெண் அழகாகச் சிரித்து, ஒரு பேனாவும், அமுக்கினால் சுருங்குகிற ரப்பர் உருண்டை ஒன்றும் கொடுத்தாள். பிரபு, நீ சுவரில் அடித்துக்கொண்டிருக்கிறாயே, அது பந்து இல்லை. மூளை. அத்தைக்கு மருந்து கேட்டதற்கு எனக்குக் கிடைத்தது அதுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் டாக்டரம்மாவுக்கு வேறு கூட்டம். நான் தனியாக டிராமில் ஏறினேன். நம்பர் சரி. போகிற திசைதான் தப்பு. வண்டி ஓட்டின அம்மாள், நல்ல ஆகிருதி, என்னவோ கேட்டார். "எஸ், எஸ், தேங்க்யூ" என்றேன். இன்னொன்று கேட்டார். "வெரி குட்" என்றேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு ஓட்டினார். எனக்குப் புரிந்துவிட்டதென்று அவருக்கு நினைப்பு. புரியவில்லை என்று சொல்லிக் காட்டிக்கொள்ள எனக்குக் கூச்சம். ஜன்னலுக்கு வெளியே எல்லாப் போர்டும் எழுத்தாகத்தான் இருந்தது, ஒன்றும் பேசவில்லை. மரியாதையாகச் சிரித்துக்கொண்டே கடைசி ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்ந்தேன்.

எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அந்த அம்மாள் என்னிடம் வந்தார். எதுவும் கேட்கவில்லை. கழுத்து அட்டையைப் பிடித்துப் படித்தார். "மிஸ்டர் செங்கோடன்" என்றார். அட்டையில் மண்டபத்துப் பெயரும் இருந்தது. என்னை முன் சீட்டில் உட்கார வைத்து, திரும்பி ஓட்டிக்கொண்டு வந்து, மண்டபத்துக்கு எதிரே இறக்கிவிட்டார். இரவு சாப்பாட்டுக்கு, சுவரில் சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவு வைத்த கடை ஒன்று. காசு போட்டால் கதவு திறக்கிறது, உள்ளே சூடாக ஏதோ போண்டா. ஆள் யாரும் இல்லை. "சாப்பிட்டுத்தான் போகோணும்" என்று சொல்ல ஆளில்லாத போண்டா, நன்றாகத்தான் இருந்தது. என்ன கறி என்று மட்டும் கேட்காதீர்கள்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு ஹோமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். காங்கேயத்து ஹோமை மனதில் வைத்துக்கொண்டு நான் எல்லாவற்றையும் உற்றுப் பார்த்தேன். பளிங்கு மாதிரித் தரை, மீன் தொட்டி, ஜன்னலில் பூச்செடி. வாசல் கதவு மட்டும் பூட்டு. பழைய கப்பல்காரர் ஒருவர் அந்தக் கதவின் முன்னால் கோட்டு போட்டுக்கொண்டு தயாராக நின்றார். எத்தனை நாளாக நிற்கிறார் என்று நான் கேட்கவில்லை.

அங்கே ஒரு நர்ஸ். காப்பியோடு வந்து அவருக்கு முன்னால் குனிந்து ஏதோ சொன்னாள். பிஸ்கட் எடுக்கப் போய்த் திரும்பி வந்து மறுபடியும் அதையே சொன்னாள். கப்பை வாங்க வந்தபோதும் அதையே சொன்னாள். என்ன சொல்லுகிறாள் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"'நான் ஆன்னா, உங்க நர்ஸ்'னு சொல்றாங்க."

"ஒவ்வொரு வாட்டியுமுங்களா?"

"ஒவ்வொரு வாட்டியும். அவரைக் கண்டுபிடிக்கச் சொல்லக்கூடாதாமா. தெரியலைன்னு சொல்றதுக்கு அவங்களுக்கு அவமானமா இருக்குமாமா."

நான் மீன் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். நம் வீட்டுக்கு வந்த ஆப்பிள் பைகள் அத்தனையும் நினைவுக்கு வந்தன. ஒருவராவது தன் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்களா? காலமெல்லாம் மனுசரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பெண்ணை நிற்க வைத்து, நான் யார் சொல்லு என்று கேட்டால், அது கையில் இருக்கிற மரியாதையை எடுத்து நீட்டாமல் வேறு என்ன செய்யும்?

மத்தியானம் என் பேச்சு. நான் தமிழில் சொல்ல, டாக்டரம்மா இங்கிலீஷில் சொன்னார். உப்பு, பஸ், டயர் கடை எல்லாம் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு, என் அக்கா என்னைப் பார்த்து எழுந்து நிற்கிறது என்றேன். முன் வரிசையில் வெள்ளைத் தாடி புரொபசர் ஒருவர் எழுந்தார். மூளை இவ்வளவு அழிந்த பிறகும் அடுத்தவருக்கு மரியாதை செய்வது அழியவில்லை, எவ்வளவு அழகான பண்பாடு என்று உருகினார்.

"அம்மணி," என்றேன் டாக்டரம்மாவிடம். அவசரத்தில் டாக்டரம்மா என்று வரவில்லை. "இது மரியாதை இல்லீங்க. பயமுங்க. காட்டுக்காரங்களைப் பாத்து நின்ன நிப்பு. அப்பிடியே சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மைக்கில் சுருக்கமாக ஏதோ சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

சாயங்காலம் சூரினாம்காரர்கள் நடத்துகிற ரொட்டிக் கடையில் சாப்பிட்டோம். அவர்கள் தாத்தன் பூட்டன் நம் வடநாட்டிலிருந்து சூரினாம் என்கிற தூரதேசத்துக்குக் கரும்புக் காட்டுக் கூலியாகக் கப்பல் ஏறியவர்களாம். பீன்ஸும் உருளைக்கிழங்கும் காரமாக இருந்தது. இரண்டு நாளைக்குப் பிறகு மூக்கில் தண்ணீர் வந்து சந்தோசமாகச் சாப்பிட்டேன். டாக்டரம்மா சாப்பிடாமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

"சின்னராசு, நான் 'பயம்'னு சொல்லலைங்க. 'பழக்கம்'னு சொல்லிப்போட்டேன்."

"அதான் கை தட்டுனாங்க போல."

"எங்க தாத்தா வந்தாலும் தோட்டத்து ஆளுங்க அப்பிடித்தான் நிப்பாங்க. சின்ன வயசுல நானும் அதை மரியாதைன்னுதான் நெனச்சேன்."

"ரொட்டி ஆறிப்போகுதுங்க" என்றேன்.

கடைசி நாள், மூன்று நாள் பேச்சையும் தொகுத்துப் படித்தார்கள். உலகத்துக்கே ஒரு திட்டம். நல்ல திட்டம்தான், கனமாக இருந்தது, தமிழில் இல்லை. அதில் ஒரு வரி எனக்குப் பிடித்தது: நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்குத் தினமும் கொஞ்ச நேரம் ஓய்வு கொடுப்பதும் வைத்தியம்தான். அக்காவின் மரியாதையையும் எங்கோ சேர்த்திருந்தார்கள், கீழைநாட்டுப் பண்பாட்டின் வலிமை என்று. திருத்தம் ஏதாவது உண்டா என்று தலைவர் கேட்டார். டாக்டரம்மா எழுந்தார். நேராக மைக்குக்குப் போய்ப் பேசினார். எனக்கு அதில் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை புரிந்தது. பயம். இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. தாடிக்காரர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

நானும் கை தூக்கி என் கேள்வியைக் கேட்டேன், கடைக்காரப் பெண் பொய் சொல்லியிருக்கலாம் அல்லவா. "மருந்து எப்போ வருமுங்க?" டாக்டரம்மா சொன்னதும் மேடையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் சில வருடம் என்றார் ஒருவர். இன்னும் பல வருடம் என்றார் பக்கத்திலிருந்தவர். சாப்பாடு தயார் என்றார் தலைவர்.

ஊருக்கு வந்தேன். உங்களுக்குச் சாக்லேட் பொடி, அம்மாவுக்கு ஒரு குடை. நான் வாசலில் செருப்பைக் கழற்றினதும் அக்கா எழுந்து சுவரோரம் போனது. "வாங்க சாமி, பிரயாணமெல்லாம் சவுகரியமுங்களா?" பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, தட்டோடு வாசல்படிக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வேனோடு வந்தார். சொன்னால் சொன்னபடி.

"மருந்து எங்க மாப்பிள்ளை?"

"இல்லீங்க மச்சான். ஒலகத்துலயே இல்லை."

"அப்பறம் என்ன? துணிமணியை எடுத்து வெய்யச் சொல்லுங்க."

"அக்கா இங்கதான் இருக்கும். மத்தியானத்துல ரெண்டு மணி நேரம் பட்டறையை நிறுத்திப்போட்டு நான் பாத்துக்கறேன். தூக்கிக் குளிக்க வெக்கறது இனி என்ற வேலை. சரோஜா தூங்கட்டும்."

உங்கள் அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, நெசமாத்தானுங்களா? வாரம் முழுக்கவா, இல்ல அண்ணன் வேன் போற வரைக்கும் மட்டுமா?"

"வாரம் முழுக்க."

"எளுதிக் குடுங்க" என்றாள். சிரித்தாளா முறைத்தாளா என்று தெரியவில்லை. ஆனால், "அண்ணா, வேனைத் திருப்பி அனுப்பிப்போட்டு உள்ள வந்து சாப்பிடுங்க" என்றாள்.

மாமாவுக்குக் கோபம். சுவரோரம் எங்களுக்காக எழுந்து நின்றுகொண்டிருந்த அக்காவைக் கையால் காட்டினார். "அவங்களுக்கு நீங்க யாருன்னே தெரியாது மாப்பிள்ளை. காங்கேயத்துல இருந்தா என்ன, கணபதியில இருந்தா என்ன? எங்க இருந்தாலும் அந்நிய ஆளுங்ககூட நிக்கறமாதிரிதான நிக்கறாங்க?"

மாமா கெட்டவர் இல்லை, சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். ஆனால் அவர் சொன்னது சாப்பாட்டோடு போகவில்லை.

மத்தியானம் நீங்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். நான் பட்டறைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, ஆட்கள் யாரும் இல்லை. ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போய், ஆணியில் மாட்டியிருந்த மாநாட்டு அட்டையை எடுத்தேன். உறையிலிருந்து உருவினேன். ஒரு பக்கம் அப்பா பெயர், இங்கிலீஷில். மறுபக்கம் வெறுமை. இரும்பில் குறி போடுகிற பட்டை மார்க்கரை எடுத்து, மெஸ் பலகையில் அக்கா எழுதின மாதிரி ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக, தள்ளித் தள்ளி எழுதினேன்.

சின்னராசு. உன் தம்பி. உக்காரு அக்கா.

மை காய்கிறவரைக்கும் ஊதினேன். அப்பா பெயர் என் நெஞ்சுப் பக்கம் இருக்கும்படி உறைக்குள் திருப்பிப் போட்டு, நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஷட்டரை இறக்கினேன்.